கட்டம் வரைந்து வலைப்பக்கம் வாங்கிய கதை

விழா மலர் என்றாலே விடுதி மெஸ் சாம்பார், சிம்போசியம், கட் அடித்துப் பார்த்த சினிமா என்றுதான் கட்டுரைகள் வரும். அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடிய சீனியர்கள் இம்மலரில் பலர் இருக்கிறார்கள். நான் 2009-ல் கருவியியல் துறையில் பட்டம் பெற்றவன். அன்று முதல் இன்று வரை ஆலைகளில் அளவீட்டுக் கருவிகளையும் கம்ப்யூட்டர்களையும் இணைத்துக் கொடுப்பதே என் பிழைப்பு. ஆகவே என் தொழிலிலிருந்தே ஒரு சிறு வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன்.

புரோகிராமை வரி வரியாக எழுதாமல் படமாக வரைகிற மென்பொருள்கள் உண்டு. அவற்றில் நெட்வொர்க் வழியாக ஒரு வலைப்பக்கத்தை வரவழைக்கும் வித்தை எப்படி வந்தது, எங்கே இடறியது என்பதுதான் விஷயம். கேட்பதற்குச் சின்ன சமாச்சாரம். ஆனால் அதற்குள் ஒரு பெரிய கேள்வி உட்கார்ந்திருக்கிறது. வந்து சேர்ந்த செய்தி முழுசா வந்துவிட்டதா, பாதிதான் வந்திருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

படமே புரோகிராம்

கம்ப்யூட்டர் திரையில் நேரடியாகப் படம் வரைய முடியும் என்று 1963-ல் காட்டியவர் ஐவன் சதர்லாண்ட். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அவர் செய்த ஸ்கெட்ச்பேட் பல பாடப்புத்தகங்களில் இடம்பெற்றிருக்கிறது. அவருடைய அண்ணன் பெர்ட் சதர்லாண்டை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 1966-ல் அவரும் அதே எம்.ஐ.டி.யில், அதே டிஎக்ஸ்-2 கம்ப்யூட்டரில் முனைவர் பட்டத்துக்கு உழைத்தார். தம்பி வரைந்தது வெறும் படம். அண்ணன் வரைந்தது ஓடக்கூடிய படம். கூட்டல், பெருக்கல் போன்ற வேலைகளைக் கட்டங்களாகப் போட்டுக் கோடுகளால் இணைத்தால் அதுவே புரோகிராம் என்பது அவர் கொள்கை.

இதற்குப் பின்னால் எளிய விதி ஒன்று இருக்கிறது. ஒரு கட்டத்துக்குள் வரவேண்டிய எல்லா மதிப்புகளும் வந்து சேர்ந்தால்தான் அந்தக் கட்டம் வேலை செய்யும். வேலை முடிந்ததும் விடையை அடுத்த கட்டத்துக்கு அனுப்பும். தேங்காய், மிளகாய், உப்பு மூன்றும் வந்தால்தான் அம்மி ஓடும் என்பதைப் போல. இதைத் தரவு ஓட்டம் என்கிறோம்.

இந்த விதியைத் தொழிற்சாலைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டுவந்தது லேப்வியூ. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரிந்த ஜேம்ஸ் ட்ரூச்சார்ட், ஜெஃப் கொடோஸ்கி, பில் நோவ்லின் ஆகிய மூவர் 1976-ல் ஆஸ்டின் நகரில் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அளவீட்டுக் கருவிகளைக் கம்ப்யூட்டருடன் இணைப்பதுதான் அவர்கள் தொழில். கருவி எஞ்சினியருக்குச் சர்க்யூட் படம் தாய்மொழி மாதிரி, அதையே அவருக்குப் புரோகிராமாகக் கொடுத்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்த லேப்வியூ, 1986-ல் மெக்கின்டோஷ் கம்ப்யூட்டருக்கு வந்தது. விண்டோஸுக்கு வந்தது 1992-ல்.

நம் துறை மாணவர்களுக்கு இது பழகிய முகம். முன்னால் மீட்டரும் பொத்தானும் உள்ள பேனல். பின்னால் கட்டங்களும் ஒயர்களும். எழுத்துச் சரம் போகும் ஒயர் இளஞ்சிவப்பு, முழு எண் போவது நீலம், தசம எண் போவது ஆரஞ்சு, ஆம்-இல்லை போவது பச்சை. நிறத்தைப் பார்த்தே என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

இரண்டு வகை ஒயர்

லேப்வியூ படத்திலுள்ள ஒயரில் ஒரு மதிப்பு போனால் முழுதாகப் போகும். நூறு எழுத்துள்ள சரம் என்றால் நூறும் ஒரே சமயத்தில் அடுத்த கட்டத்துக்குக் கிடைக்கும். பாதிச் சரம் என்ற பேச்சே அங்கே கிடையாது.

கம்ப்யூட்டருக்கு வெளியே போகும் ஒயரின் குணம் வேறு. வின்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974-ல் ஒரு கட்டுரையில் வகுத்துக் காட்டிய டிசிபி என்ற நெறிமுறை, 1981-ல் ஒழுங்குபடுத்தப்பட்டு, 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் அர்பாநெட் வலையமைப்பில் நடைமுறைக்கு வந்தது. அனுப்பிய பைட்டுகள் வரிசை மாறாமல், இடையில் எதுவும் விடுபடாமல் போய்ச் சேரும் என்பது அது தரும் உறுதி. ஆனால் எத்தனை துண்டாகப் போய்ச் சேரும் என்பதற்கு எந்த உறுதியும் தராது.

தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். மாடித் தொட்டியில் நீங்கள் மூன்று குடம் ஊற்றுகிறீர்கள். கீழே குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். முதல் குடம் எங்கே முடிந்தது, இரண்டாவது குடம் எங்கே ஆரம்பித்தது என்று குழாய் சொல்லுமா? டிசிபி அந்தக் குழாய். குடக் கணக்கைப் பேசுகிறவர்கள்தான் தங்களுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, படத்து ஒயரில் குடம் குடமாக வரும்; நெட்வொர்க் ஒயரில் தண்ணீராக மட்டுமே வரும். இந்த இரண்டு குணங்களையும் ஒத்துப்போக வைக்க நடந்த முயற்சிதான் நான் சொல்ல வந்த வரலாறு.

1990-களிலேயே லேப்வியூவில் டிசிபிக்கென்று கட்டங்கள் இருந்தன. இணைப்பைத் திற, எழுது, படி, இணைப்பை மூடு என்று நான்கு. இவற்றில் சூட்சுமம் எல்லாம் 'படி' என்ற கட்டத்தில். எப்போது படித்து முடிக்க வேண்டும் என்பதற்கு அது நான்கு வழிகள் கொடுத்தது. கேட்ட அளவு பைட் வரும்வரை காத்திரு, நேரம் தீர்ந்தால் இருப்பதைக் கொடு என்பது ஒன்று. கேட்ட அளவு வராவிட்டால் ஒன்றுமே கொடுக்காதே என்பது இரண்டு. ஒரு வரி முடியும்வரை படி என்பது மூன்று. வந்தது எதுவானாலும் உடனே கொடு என்பது நான்கு. குடக் கணக்கு உன் பொறுப்பு என்று கட்டமே சொல்லிவிடுகிறது. நம்மில் பலர் அந்த மெனுவைத் திறந்தே பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

வலை கொண்டுவந்த வழக்கம்

லேப்வியூ வெளிவந்த அதே 1986-ல்தான் நம் நாட்டில் எர்னெட் திட்டம் தொடங்கியது. அதில் சேர்ந்த எட்டு நிறுவனங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கான இன்டர்நெட், 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். மூலம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கு வந்தது. இதற்கு நடுவில் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை உருவாக்கி, 1991-ல் வெளியுலகுக்கு அறிவித்துவிட்டார். 1993 ஏப்ரல் 30 அன்று, அதை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் எழுதியே கொடுத்தது.

அவருடைய முதல் எச்டிடிபி மிக எளிமையானது. 'கெட்' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, பக்கத்தின் முகவரியை எழுதி வரியை முடித்தால் போதும். சர்வர் பக்கத்தை அனுப்பும், இணைப்பை மூடும். பக்கம் எங்கே முடிகிறது? இணைப்பு மூடிய இடத்தில். குடக் கணக்கே வேண்டாம், குழாயை மூடினால் தீர்ந்தது என்ற வழி இது.

1996-ல் வெளியான 1.0 பதிப்பில் பக்கத்துக்கு முன்னால் தலைப்பு வரிகள் வந்தன. விடை சரியா தவறா என்று சொல்லும் எண், உள்ளடக்கம் எத்தனை பைட் என்று சொல்லும் வரி, பிறகு ஒரு வெற்று வரி, அதன் பிறகு பக்கம். 1997-ல் வந்த 1.1 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இணைப்பைத் திறந்து மூடுவது வீண் செலவு, ஆகவே சர்வர் இணைப்பை மூடாமல் வைத்திருக்கலாம் என்றது. நீளம் முன்கூட்டியே தெரியாத பக்கத்தைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளத்தைப் பதினாறடிமான எண்ணில் எழுதி அனுப்பலாம். நீளம் சுழியம் என்று ஒரு துண்டு வந்தால் பக்கம் முடிந்தது என்று பொருள். இப்படி, குழாயை மூடும் வழக்கம் போய்க் குடத்தை எண்ணும் வழக்கம் வந்தது.

சீனியர்கள் பலர் புராஜெக்ட் செய்த விஷுவல் பேசிக் 6 (1998) இதே இடத்தில்தான் பாடம் கற்பித்தது. ஃபார்மில் வின்சாக் கன்ட்ரோலை இழுத்துப் போட்டால் இணைப்பு தயார். ஆனால் 'டேட்டா வந்தது' என்ற நிகழ்ச்சி ஒரே பக்கத்துக்கு இரண்டு முறையும் வரும், பத்து முறையும் வரும். முதல் முறை வந்ததையே முழுப் பக்கம் என்று எடுத்துக்கொண்ட புராஜெக்ட் டெமோ நாளன்று என்ன பாடுபடும் என்பதைச் சீனியர்களே சொல்லட்டும்.

எங்கள் காலத்து லேப்

நாங்கள் படித்தபோது நெட்வொர்க் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது சென்னை விமான நிலைய வானிலை அறிக்கை. உலக விமான நிலையங்கள் குறித்த நேரங்களில் வெளியிடும் மெட்டார் என்ற சுருக்கெழுத்து வரியை அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் சர்வர் ஒன்று சாதாரண எழுத்துக் கோப்பாக வைத்திருந்தது. சென்னைக்குக் குறியீடு வி.ஓ.எம்.எம். காற்று, பார்வைத் தூரம், வெப்பநிலை, பனிநிலை, காற்றழுத்தம் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். அதை டிசிபி கட்டங்களால் வாங்கி, வெப்பநிலையைப் பிரித்து, திரையில் தெர்மாமீட்டராகக் காட்ட வேண்டும்.

ஒவ்வொரு செமஸ்டரும் ஒரு பெஞ்சிலிருந்தாவது "இணைப்பு கிடைச்சிடுச்சு சார், ஆனா பதிலே வரமாட்டேங்குது" என்ற குரல் கேட்கும். காரணம் வரி முடிவு. எச்டிடிபியில் ஒவ்வொரு வரியும் கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் என்ற இரண்டு எழுத்துகளால் முடிய வேண்டும். தட்டச்சு லோயர் பாஸ் செய்தவர்களுக்கு இது புரியும். லீவரைத் தள்ளினால் உருளை இடத்துக்குத் திரும்பும், தாளும் ஒரு வரி நகரும். தந்தித் தட்டச்சு இயந்திரங்களில் அந்த இரண்டு வேலைக்கும் தனித்தனிக் குறி. அந்த மரபுதான் வலைப்பக்கம் வரை தொடர்ந்து வந்திருக்கிறது. லேப்வியூவின் சரப் பெட்டியில் வலது கிளிக் செய்து பேக்ஸ்லாஷ் முறைக்கு மாற்றாமல் அந்தக் குறிகளைத் தட்டினால், குறிகளுக்குப் பதிலாகப் பேக்ஸ்லாஷும் எழுத்துமே போகும். கேள்வி இன்னும் முடியவில்லை என்று சர்வர் காத்திருக்கும். பதில் வரட்டும் என்று நாமும் காத்திருப்போம். கடைசியில் பிழை எண் 56, நேரம் தீர்ந்தது.

அதைவிடச் சுவையானது பிழை எண் 66. எதிர்முனை இணைப்பை மூடிவிட்டது என்பது அதன் பொருள். 1.0 முறையில் கேட்டால் பக்கம் முழுதும் வந்த பிறகு இந்தப் பிழை வந்தே தீரும். எங்கள் ஆசிரியர் சொல்வார்: "அது பிழை இல்லப்பா, அவர் பேசி முடிச்சு ரிசீவரை வச்சுட்டார்." ஆகவே படிக்கும் கட்டத்தை லூப்புக்குள் போட்டு, வருவதையெல்லாம் ஒட்டிக்கொண்டே போய், 66 வந்ததும் நிறுத்த வேண்டும். ஆனால் லைன் பாதியில் அறுந்து எதிர்முனை மூடினாலும் அதே 66தான் வரும். அப்போது கைகொடுப்பது தலைப்பிலுள்ள நீளம். சொன்ன நீளமும் வந்த நீளமும் ஒன்றாக இருந்தால்தான் அது முழுப் பக்கம்.

அந்தப் பழைய வானிலை சர்வர் 2016-ல் நிறுத்தப்பட்டது. அது கற்றுக்கொடுத்த பாடத்தின் மதிப்பு எனக்கு ஓர் ஆலையில் தெரிந்தது.

துணி சுற்றிய ஹாரன்

பெயர் வேண்டாம், உலை வைத்திருக்கும் ஓர் ஆலை. உலை வெப்பநிலையை அளக்கும் கருவி, தன் அளவைச் சிறு வலைப்பக்கமாகக் கொடுக்கும். கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் யாரோ வரைந்து வைத்த லேப்வியூ படம், நொடிக்கு ஒரு முறை அதை வாங்கித் திரையில் காட்டும். வெப்பநிலை குறைந்தால் ஹாரன் அடிக்கும். நாளுக்கு நாலைந்து முறை திரையில் 412 இருந்த இடத்தில் 41 என்று தோன்றி மறைகிறது, காரணம் பாருங்கள் என்று என்னை அழைத்தார்கள்.

போய்ப் பார்த்தால் ஹாரனைச் சுற்றி எண்ணெய்த் துணியை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். "என்னண்ணே இது?" என்று ஆபரேட்டரைக் கேட்டேன். "அது சும்மா சும்மா கத்துது சார். நாங்க ஸ்கிரீனை நம்புறதில்லை, நேரா போய் கேஜைத்தான் பாக்குறோம்" என்றார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். ராத்திரி ஷிப்டில் மணிக்கு இரண்டு முறை உலைக்கு நடக்கிறார்.

வயர்ஷார்க் என்ற மென்பொருளைப் போட்டு நெட்வொர்க்கில் போகும் பைட்டுகளைப் பதிவு செய்தேன். இரண்டாம் நாள் அகப்பட்டது. கருவி '412.6' என்ற எண்ணைச் சில சமயம் இரண்டு துண்டாக அனுப்புகிறது. '41' ஒரு துண்டில், '2.6' அடுத்த துண்டில். டிசிபி விதிப்படி கருவி செய்ததில் தப்பே இல்லை. படத்தில் இருந்த 'படி' கட்டமோ, வந்ததை உடனே கொடு என்ற நான்காவது வழியில் வைக்கப்பட்டிருந்தது. 41 என்பது பார்வைக்கு நல்ல எண்தான். ஆரஞ்சு ஒயரில் அது போகும்போது, பாதி எண் என்று அதன் நெற்றியில் எழுதியா இருக்கும்?

திருத்தம் பெரிய வேலை இல்லை. வெற்று வரி வரும்வரை வரி வரியாகத் தலைப்பைப் படிப்பது, அதிலிருந்து நீளத்தை எடுப்பது, பிறகு சரியாக அத்தனை பைட் வரும்வரை காத்திருப்பது, வராவிட்டால் 'அளவு இல்லை' என்று காட்டுவது. நான்கைந்து கட்டங்கள். ஒரு வாரம் கழித்துப் போனபோது ஹாரனில் துணி இல்லை. அந்த அண்ணனே அவிழ்த்திருந்தார். இத்தனை மாதம் துணி சுற்றியிருந்த காலத்தில் உலை நிஜமாகவே ஆறிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பூட்டு விழுந்த காலம்

இதற்குள் வலையின் நடையே மாறிவிட்டது. 1995-ல் நெட்ஸ்கேப் கொண்டுவந்த பூட்டு முறை, வங்கிக்கும் கடைக்கும் மட்டும் என்றிருந்தது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு பூட்டுக்கு வேண்டிய சான்றிதழை யாருக்கும் இலவசமாகத் தரத் தொடங்கியது. 2018 ஜூலையில் குரோம் உலாவி, பூட்டில்லாத தளங்களையெல்லாம் பாதுகாப்பற்றவை என்று குறிக்க ஆரம்பித்தது. இன்று 80-ஆம் எண் வாசலில் போய்ப் பழைய முறையில் கேட்டால், பெரும்பாலான இடங்களில் 301 என்று ஒரு பதில் வரும். வேறு முகவரிக்குப் போ, அங்கே பூட்டோடு பேசு என்று அர்த்தம். அந்தப் பூட்டை நான்கு டிசிபி கட்டங்களால் கையில் செய்வது நடக்கிற காரியம் இல்லை. 2015-ல் வந்த எச்டிடிபி 2, கண்ணால் படிக்கும் எழுத்தை விட்டு இரும எண்ணுக்கு மாறியது. 2022-ல் வந்த 3-ஆம் பதிப்பு டிசிபியையே விட்டுவிட்டது.

எனவே பிற்கால லேப்வியூவிலும், ஐ.பி.எம். நிறுவனத்தார் உருவாக்கி 2013-ல் திறந்து விட்ட நோட்-ரெட்டிலும் ஆயத்தக் கட்டங்கள் உண்டு. முகவரியைக் கொடுத்தால் பக்கம் ஒரே மதிப்பாக வந்து விழும். குடக் கணக்கைக் கட்டமே பார்த்துக்கொள்ளும். இது நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி ஒழிந்துவிடவில்லை, ஒரு மாடி மேலே ஏறியிருக்கிறது. நோட்-ரெட்டில் கேட்ட பக்கம் இல்லை என்று 404 வந்தாலும், அந்த மன்னிப்புப் பக்கமும் ஒயரில் தரவு போலவே ஓடி வரும். விடை எண்ணைப் பார்க்காதவர் அதையே வெப்பநிலையாகப் பிரிக்கப் போவார். அதே நோட்-ரெட்டின் டிசிபி கட்டத்தைத் திறந்து பாருங்கள். பதில் எப்போது முடிந்ததாகக் கொள்ள வேண்டும், இத்தனை நேரம் கழித்தா, இந்த எழுத்து வந்ததுமா, இத்தனை எழுத்து வந்ததுமா என்று கேட்கும். லேப்வியூவின் மெனு அன்று கேட்டதும் இதைத்தான்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆயத்தக் கட்டத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதற்கு முன் ஒரே ஒரு நாள், லேபுக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரில் பூட்டில்லாத சிறு சர்வரை ஓட விட்டு, நான்கு டிசிபி கட்டங்களை மட்டும் வைத்து அதிலிருந்து ஒரு பக்கத்தை வாங்கிப் பாருங்கள். நெட்வொர்க் கேபிளை நடுவில் பிடுங்கிப் பாருங்கள். பாதிப் பக்கம் வரும்போது உங்கள் படம் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். நோட்-ரெட் இலவசம், லேப்வியூவிலும் 2020-லிருந்து சொந்த உபயோகத்துக்கான இலவசப் பதிப்பு உண்டு. செலவு ஒரு மதியப் பொழுதுதான்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. துறைத் தலைவர் இசைந்தால், ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை இந்தப் பயிற்சியை நடத்த என்னைப் போன்ற சிலர் வரத் தயார். மதியச் சாப்பாடு மெஸ்ஸிலேயே போதும்.